தட்டக் கூடாத தூசி

தெருவில் அவருக்குப் பெயர் புகைக்காரர். ஆலையில் அவருக்குப் பெயர் வடிகட்டி. பெற்றோர் ஆசையாக வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருக்கிறது.

புகையை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவரைப் புகைக்காரர் என்று கூப்பிடுவது என்ன நியாயம் என்று ஆரம்பத்தில் அவர் சண்டை போட்டுப் பார்த்தார்.

"தீயணைக்க வர்ற ஆளைத் தீக்காரர்னா கூப்பிடுறீங்க?" என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கேட்டார்.

"அவரு வந்துட்டுப் போனா தீ அணைஞ்சிருக்கும். நீங்க தினமும் போய்ட்டு வர்றீங்க, புகை அப்படியேதானே இருக்கு?" என்றார் தையல்காரர், வாயில் இருந்த ஊசியை எடுக்காமலே.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அது இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை. உலையிலிருந்து எழும் புகையை ஒரு பெரிய ஃபேன் உறிஞ்சி, ஒரு தகர அறை வழியாக இழுக்கும். அந்த அறைக்குள் நீள நீளமான துணிப் பைகள், கால்களை மட்டும் மாட்டிவைத்ததுபோல் வரிசை வரிசையாகத் தொங்கும். புகை அந்தத் துணியில் வந்து மோதும். தூசி துணியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்று மட்டும் உள்ளே நுழைந்து, மேலே ஏறி, புகைபோக்கி வழியாக உலகத்தைப் பார்க்கப் போய்விடும். பையில் தூசி கனத்ததும் மேலிருந்து அழுத்தக் காற்றை 'டப்' என்று உள்ளே அடிப்பார்கள். பை சிலிர்த்துக்கொண்டு, தூசியைக் கீழே உள்ள தொட்டியில் உதறிவிடும். இவ்வளவுதான் பேக் ஃபில்டர். இதைப் பார்த்துக்கொள்வதுதான் புகைக்காரரின் வேலை.

இந்த வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் சுத்தப் பைத்தியம். டம்ளரைக் கையில் கொடுத்தால் விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் குடிப்பார். பஸ்ஸில் தன் இருக்கையைத் துடைத்துவிட்டு, பக்கத்து இருக்கையையும் துடைப்பார். அதில் ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நகரச் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பு மனைவியை முதல்முறை சந்தித்தபோது, அவள் உட்காரவிருந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். அவள் அதை மரியாதை என்று நினைத்துவிட்டாள். உண்மை தெரிந்தபோது நாற்காலி, மேஜை, கட்டில் என்று ஒரு வீடே சேர்ந்திருந்தது.

"தூசியைக் கண்டா ஆகாத ஆளு. அவனையே தூசிக்குப் பொறுப்பா போடுங்க" என்று எப்போதோ ஒரு ஃபோர்மேன் சொன்னார். ஆலை வரலாற்றில் யோசித்து எடுத்த முடிவுகள் சில உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.

வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவியின் தொழிலும் தொங்கவிட்ட துணிதான். பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் அவளிடம்தான் சலவைக்கு வரும். அக்கம்பக்கத்துத் திரைச்சீலைகளில் ஆரம்பித்து, லாட்ஜ் வரைக்கும் அவள் ஒண்டி ஆளாக வந்து சேர்ந்தவள். மொட்டைமாடியில் சுவருக்குச் சுவர் கொடி கட்டியிருந்தாள். துணிகள் காய்கிற நேரத்தில் வீடே பாய்மரம் விரித்துக் கிளம்பப்போவதுபோல் இருக்கும். வெள்ளை விஷயத்தில் அவளிடம் சமரசம் கிடையாது.

"வெள்ளைன்னா வெள்ளை. 'கிட்டத்தட்ட வெள்ளை'ன்னு ஒரு கலர் கிடையாது" என்பாள்.

ஆலைப் புகைபோக்கிக்கு அந்த விவரம் தெரியாது. காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில், விரிப்புகளில் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் விழும். அவள் மறுபடி துவைப்பாள். மறுபடி விழும். அவள் கணவரைப் பார்ப்பாள். அவர் கொடியைத் துடைப்பார்.

வீட்டில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. மனைவியின் அண்ணன். வேலை தேடி வந்தபோது ஒரு வாரம் தங்குவதாகச் சொன்னவர், வாரம் என்பதற்கு விசாலமான பொருள் எடுத்துக்கொண்டு இன்னும் தங்கியிருந்தார். வேலை கிடைக்கவில்லையே தவிர, பதவி கிடைத்துவிட்டது. தெருவின் புகை எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். காலையில் ஆலை வாசலில் அட்டையைத் தூக்கிக்கொண்டு "மூடு! மூடு! ஆலையை மூடு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். மதியம் வீட்டுக்கு வந்து, அதே ஆலை போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தொண்டைக்கு வெந்நீர் கேட்பார்.

"மச்சான், ஆலையை மூடிட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்றதா உத்தேசம்?" என்று புகைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"மாப்ள, கொள்கை வேற, குழம்பு வேற. ரெண்டையும் கலக்காதீங்க" என்றார் மச்சான், குழம்பைக் கலக்கிக்கொண்டே.

இந்த நிலையில்தான் ஆலைக்குப் பசுமை ஞானம் பிறந்தது. புதிதாக வந்த ஜி.எம். அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் காரியமாகப் புகைபோக்கிக்குப் பச்சை வண்ணம் அடித்து, அடியிலிருந்து நுனிவரை இலைகள் வரையச் சொன்னார். இப்போது புகை ஒரு மரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. இரண்டாவதாக வாசலில் "நாங்கள் காற்றை நேசிக்கிறோம்" என்று பலகை வைத்தார். நேசிப்பதாகச் சொன்னதைக் காற்று எப்படி எடுத்துக்கொண்டதோ, தெரியவில்லை. ஆனால் மூன்றாவதாக அவர் செய்தது உருப்படியான காரியம். கிழிந்து நைந்த பழைய பைகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுப் பைகள் வாங்கிப் போட்டார். கூடவே புதிய டைமர் பெட்டியும் வந்தது.

பழைய பெட்டி வெறும் இரும்புக் கட்டி. எவனோ எப்போதோ வைத்த கணக்கில் அதுபாட்டுக்கு 'டப்' அடித்துக்கொண்டிருந்தது. அதைத் திறக்க யாருக்கும் வழி தெரியாது. புதுப் பெட்டியில் பொத்தான்கள் இருந்தன. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பையை உதற வேண்டும் என்று ஒரு பொத்தானைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். சுத்தப் பைத்தியத்தின் கையில் அப்படி ஒரு பொத்தானைக் கொடுக்கக் கூடாது என்று பெட்டிக்காரர்களுக்குத் தோன்றவில்லை.

பை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பாடம் எடுத்தார். விளக்கை அணைத்து, திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டே போனார். எல்லோரும் பிஸ்கட்டில் கவனமாக இருந்தார்கள். புகைக்காரர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் திரையில் ஒரு மூலையில் மங்கலாக ஒரு கறை தெரிந்தது. திரையில் இல்லை, புரொஜெக்டர் லென்ஸில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. எழுந்து போய், கைக்குட்டையை எடுத்து, லென்ஸை நிதானமாகத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் துடைப்பு நடந்த நேரத்தில் பைக்கம்பெனிக்காரர் சொன்னதுதான் மொத்தப் பாடத்திலும் கேட்டிருக்க வேண்டிய ஒரே விஷயம்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் மார்தட்டினார்.

"புதுப் பை போட்டாச்சு. இனிமே உன் கொடிக்கு ஒரு குறையும் வராது."

"இப்படித்தான் பச்சை பெயின்ட் அடிச்சப்பவும் சொன்னீங்க."

"அது பெயின்ட். இது பை."

அவள் நம்பிக்கை வைக்கவில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான் லாட்ஜ்காரர் ஒரு விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு நேரில் வந்திருந்தார். ஓர் அறையில் தங்கியவர் எழுந்து குளிக்கப் போனபோது முதுகில் புள்ளி புள்ளியாக இருந்ததாம். தோல் வியாதி என்று பயந்து டாக்டரிடம் போனாராம். டாக்டர் பஞ்சால் துடைத்துக் காட்டினாராம்.

"உங்க வேலையில குறையில்லம்மா. வெளுப்பு பிரமாதம். ஆனா டாக்டர் செலவை நான் குடுக்க முடியாது பாருங்க. ஊர்க்கோடியில மெஷின் வெச்சு, உள்ளேயே காய வெச்சுத் தர்றாங்களாம். அடுத்த வாரத் துணி பார்ப்பேன். அதுலயும் புள்ளி இருந்தா அங்கே மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாட்ஜ் போனால் மற்றதெல்லாம் போனமாதிரிதான். மறுபடி திரைச்சீலையிலிருந்து தொடங்க வேண்டும். அவள் அழவில்லை. கொடிக் கயிறுகளை இழுத்து இறுக்கிக் கட்டினாள். அவள் கோபத்தை அவர் கயிறு இருக்கும் விறைப்பில்தான் தெரிந்துகொள்வார். அன்று கயிற்றைச் சுண்டினால் இசை வரும்போல் இருந்தது.

புதுப் பைகள் வேலையைத் தொடங்கிய அன்று மாடியில் புள்ளிகள் விழத்தான் செய்தன. கொஞ்சம்தான்.

"புதுசுல்ல. பழகணும்" என்றார் அவர்.

தப்பே இல்லாத பேச்சு. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் மறுநாள் அறையின் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பால் வெள்ளையாகப் போட்ட பைகளில் சாம்பல் நிறத்தில் மாவு பூசியதுபோல் ஒரு படலம். அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. புதுப் பை, அதற்குள் அழுக்கு! வீட்டில் புள்ளி விழுவதற்கு இந்த அழுக்குதான் காரணம் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பெட்டியிடம் போனார். பொத்தானைத் தட்டினார். முன்பு அவ்வப்போது கேட்ட 'டப்', இப்போது அடிக்கடி கேட்டது.

மாடியில் புள்ளிகள் கூடின.

"தட்டினது போதலை" என்று முடிவு செய்து மறுபடி பொத்தானை அழுத்தினார். இன்னும் கூடின. மறுபடி அழுத்தினார். அந்த வார நடுவில் பேக் ஃபில்டர் அறை, விருந்தாளி வந்து கதவை உடைப்பதுபோல் 'டப் டப் டப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். பைகள் வெள்ளை வெளேர். அவருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது, அதையும் துடைத்துக்கொண்டார்.

பையில் அடைப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதன் முள் கீழே இறங்கி, படுத்தே விட்டது. பையில் அடைப்பு இல்லாததால் ஃபேன் நோகாமல் சுற்றியது. ஃபேனுக்கு ஆகும் கரண்ட் குறைந்தது. ஜி.எம். தன் அறையில் கணினியில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்க்கவில்லை. பைகளுக்குக் காற்றடித்துக் களைத்துப்போன கம்ப்ரஸர் எவ்வளவு கரண்ட் குடித்தது என்று யாரும் பார்க்கவில்லை, அது வேறு பிரிவின் கோடு.

"அண்ணே, நீங்க பைக்கு அடிக்கிற காத்துல உலகத்துல உள்ள பலூனையெல்லாம் ஊதிடலாம். என் மெஷின் மூச்சு வாங்குது" என்று கம்ப்ரஸர்காரர் வந்து கெஞ்சினார்.

"சுத்தத்துக்கு விலை உண்டு தம்பி."

"விலையை நான்ல குடுத்துட்டிருக்கேன்!"

ஜி.எம். சும்மா இருப்பாரா? "இந்த ஆண்டின் பசுமை ஊழியர்" என்று ஒரு விருதை அவசரமாகக் கண்டுபிடித்து, புகைக்காரருக்குக் கொடுப்பதாக அறிவித்தார். விருது ஒரு தொட்டிச் செடி. விழா, திறந்த வெளியில், புகைபோக்கிக்குக் கீழே.

"மேஜைக்கு வெள்ளைத் துணிதான் போடணும். நம்ம காத்து மேல நமக்கு நம்பிக்கை இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

ஆலையில் வெள்ளையாக ஒரு துணியும் இல்லை. அதனால் புகைக்காரர் வீட்டில் கேட்டார். மனைவி லாட்ஜ் துணியில் கை வைக்க விடவில்லை. தன் பெட்டியிலிருந்து தன் சொந்த விரிப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். துணியை நம்பி அனுப்ப மனம் வராமல் அவளும் கூடவே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜி.எம். பேசினார். காற்று, நாளைய தலைமுறை, நீலவானம் என்று நீளமாகப் பேசினார். வாசலுக்கு வெளியே மச்சான் "மூடு! மூடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அது ஆலைக்கா, பேச்சுக்கா என்று பலருக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் 'டப் டப்' ஓயவில்லை. மேஜை விரிப்பில் முதல் புள்ளி விழுந்தது. ஜி.எம். பேச்சை நிறுத்தாமல் அதைக் கையால் தள்ளினார். புள்ளி, கோடாகியது. தொட்டிச் செடியின் இலைகளில் லேசாகச் சாம்பல் படிந்தது. விருது வாங்க மேடையேறிய புகைக்காரர், செடியைக் கையில் வாங்கிய கையோடு கைக்குட்டையை எடுத்து ஒவ்வோர் இலையாகத் துடைக்க ஆரம்பித்தார். எல்லோரும் அதைப் பசுமைப் பாசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஜி.எம்.மின் வெள்ளைச் சட்டைக் காலரில் இரண்டு புள்ளி விழுந்ததை மனைவி மட்டும் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் செடியைச் சுமந்தார். அவள் அழுக்கு விரிப்பைச் சுமந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? கீழே டப்னு சத்தம் வரும்போதெல்லாம், மேலே சிம்னியில லேசா குப்புன்னு ஒண்ணு வருது. சத்தம், குப்பு. சத்தம், குப்பு."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். தட்டுறதால எப்படிப் புகை வரும்? தட்டுறது புகை வராம இருக்கறதுக்கு."

"எனக்கென்ன தெரியும். நான் பார்த்ததைச் சொன்னேன்."

"விருது குடுத்திருக்காங்கடி எனக்கு!"

"செடி குடுத்திருக்காங்க" என்று திருத்தினாள் அவள்.

மறுநாள்தான் லாட்ஜ்காரர் சொன்ன துணி வந்து, துவைத்து, மாடி முழுக்கக் காயப்போட்ட நாள். அன்று காலை ஆலையில் ஒரு பெரிய பெருமூச்சு கேட்டது. பிறகு அமைதி. கம்ப்ரஸர் படுத்துவிட்டது. 'டப்' நின்றது.

புகைக்காரர் ஓடினார்.

"என்னப்பா ஆச்சு?"

"என்ன ஆகும்? செத்துப்போச்சு. நான் சொன்னேன்ல?" கம்ப்ரஸர்காரர் குரலில் துக்கத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது. "பார்ட் வெளியூர்ல இருந்து வரணும். சாயங்காலம் ஆகும்."

பையை உதற வழியில்லை. உலையோ எரிந்துகொண்டிருக்கிறது. உலையை நிறுத்தச் சொல்லி ஜி.எம்.மிடம் போனார், பெரிய ஆர்டர் ஓடுகிறது, நிறுத்த முடியாது என்று துரத்திவிட்டார். மீட்டர் முள், படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து மெல்ல மேலே ஏறியது. அவர் கண்முன்னே மனைவியின் மாடி வந்தது. லாட்ஜின் மொத்த வெள்ளையும் கரிக்கடையாகப் போகிற காட்சி வந்தது. செல்போனை எடுத்தார்.

"இந்தாம்மா! துணியெல்லாம் உள்ளே எடு! ஈரத்தோட எடு! மச்சானையும் கூப்பிட்டுக்கோ! கம்ப்ரஸர் போச்சு, இங்கே ஒண்ணும் நம்ம கையில இல்லை!"

அவள் கேள்வி கேட்காமல் மாடிக்கு ஓடினாள். முதல் விரிப்பை இழுத்தாள். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்குச் சம்மதித்து, இரண்டாவது விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு திண்டாடினார். துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி... சிம்னியைப் பாரு."

பார்த்தாள். பச்சை மரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதன் நுனியில் ஒன்றுமில்லை. அனல் மட்டும் நெளிந்தது. அதன் வழியே பின்னால் போன ஒரு பறவை லேசாக ஆடித் தெரிந்தது. காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. கையில் இருந்த விரிப்பை விரித்துப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மறுபடி கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டிவிட்டு, போனை எடுத்தாள்.

"என்னங்க பண்ணீங்க?"

"எதுவுமே பண்ணலைம்மா! அதானே சொல்றேன், ஒண்ணுமே பண்ண முடியலை!"

"இங்கே ஒரு புள்ளி கூட விழலை. இதையே தினமும் பண்ணுங்க."

புகைக்காரர் வெளியே ஓடி வந்து மேலே பார்த்தார். தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. தான் வேலை செய்ய முடியாமல்போன நாளில் அது நடக்கிறது. சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியாமல், பக்கத்திலிருந்த கைப்பிடிக் கம்பியைத் துடைத்தார். பிறகு பைக்கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

மறுமுனையில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பு.

"சார், நீங்க துணிதான் புகையை வடிகட்டுதுன்னு நினைச்சீங்களா? துணியில உள்ள சந்து பெருசு சார், உங்க உலைத் தூசி அதுல நடந்தே போயிடும். துணி மேல படியுற தூசி இருக்கு பாருங்க, அந்தப் படலம்தான் வடிகட்டுது. துணி சும்மா அதைத் தாங்கி நிக்குது. நீங்க படலம் படியப் படியத் தட்டி விட்டுட்டே இருந்தா, பை வெள்ளையாத்தான் இருக்கும், ஊரு கறுப்பாயிடும்."

"அப்போ... அழுக்குதான் வடிகட்டியா?"

"அழுக்குதான். மீட்டர்ல முள்ளு அளவுக்கு மேல போனா மட்டும் தட்டுங்க. மத்த நேரம் பையைத் தொடாதீங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் சார். அதுக்குன்னே ஒரு படமும் போட்டேன். ஆனா அந்த நேரம் பார்த்து யாரோ ஒருத்தர் எழுந்து வந்து லென்ஸைத் துடைச்சாரு. திரை முழுக்க அவரு கைக்குட்டைதான் தெரிஞ்சுது."

புகைக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். துடைக்கவில்லை; அப்படியே வைத்தார்.

துணியைப் பார்க்க வந்த லாட்ஜ்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒவ்வொரு விரிப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை கிடைக்காத ஏமாற்றத்தில் ஒரு தலையணை உறையை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த 'இப்படியே' யாருடைய விரலில் தொங்குகிறது என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கம்ப்ரஸர் பிழைத்துக்கொண்டது. புகைக்காரர் பெட்டியின் பொத்தான்களைத் தட்டி, முள் குறியைத் தாண்டினால் மட்டும் 'டப்' என்று மாற்றி வைத்தார். அறிவுக்குப் புரிந்துவிட்டது, விரலுக்குப் புரியவில்லை. தகர அறைக்குள் அத்தனை பைகளும் அழுக்காகத் தொங்குகின்றன என்ற நினைப்பு, முதுகில் எட்டாத இடத்தில் அரிப்பது மாதிரி அவரை வதைத்தது. ஒரே ஒருமுறை தட்டினால் என்ன? அரை முறை? இரண்டு தடவை பொத்தான் வரைக்கும் போன கையை மறு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு பூட்டு வாங்கி டைமர் பெட்டிக்குப் போட்டு, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"நான் கேட்டாலும் குடுக்காதே."

"நீங்க கேட்டாத்தான் குடுக்க மாட்டேன்" என்றாள். சாவி, துணிக் கிளிப் போடும் கூடைக்குள் போனது.

ஒரு வாரம் ஊரில் புகை இல்லை. மச்சான் வாசலில் கத்த வார்த்தை இல்லாமல் திரும்பி வந்து, அட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சோர்ந்து படுத்தார். ஜி.எம். மட்டும் சந்தோஷமாக இல்லை. அவர் கோடு ஏறிவிட்டது. பையில் படலம் படிந்ததால் ஃபேன் கொஞ்சம் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது, கரண்ட் கூடியது. கரண்ட்டைக் குறைத்துவிட்டோம் என்று தலைமை அலுவலகத்துக்கு அவர் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார்.

"பழையபடி வைங்க" என்றார் புகைக்காரரிடம்.

"பூட்டியிருக்கு சார். சாவி என் வீட்டம்மாகிட்ட இருக்கு."

"கம்பெனிப் பெட்டிச் சாவி உங்க வீட்டம்மாகிட்டயா?"

"கம்பெனித் தூசி அவங்க கொடியிலதானே சார் விழுது?"

இதைச் சொன்னது தானா என்று புகைக்காரருக்கே சந்தேகமாக இருந்தது. பூட்டை உடைக்கலாம்தான். ஆனால் உடைக்கச் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் காரணம் எழுத வேண்டும். "புகை நின்றுவிட்டதால்" என்று எந்த ஜி.எம்.மும் எழுத மாட்டார். அதனால் அவர் காரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, மாடிப்படி ஏறினார். புகைக்காரர் பின்னாலேயே ஏறினார், கைப்பிடிச் சுவரில் ஜி.எம். கை பட்ட இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே.

மாடியில் அவள் வாயில் இரண்டு கிளிப்போடு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். கிளிப்பை எடுத்துவிட்டு, "வாங்க சார். நல்ல வேளை வந்தீங்க. அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள்.

ஜி.எம். பிடித்தார். ஏன் பிடித்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை, நீட்டினாள், பிடித்துவிட்டார்.

"சாவி விஷயமா வந்தேன்மா."

"இழுத்துப் பிடிங்க சார், சுருக்கம் விழும். ம்... இப்போ என் பக்கம் வாங்க." மடிப்பதற்காக அவர் நெருங்கி வந்ததும் அவள் காலரைப் பார்த்தாள். "இது அன்னிக்கு விழாவுல போட்ட சட்டைதானே? புள்ளியைப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. தேய்க்கக் கூடாது சார், ஒத்தி எடுக்கணும். தேய்ச்சா உள்ளே போயிடும்."

ஜி.எம். தன் காலரைப் பார்க்க முயன்று, முடியாமல், தாடையைத் தடவிக்கொண்டார்.

"அனுப்பி வைங்க, நான் எடுத்துத் தரேன். ஆனா பெட்டியைப் பழையபடி வெச்சீங்கன்னா அடுத்த சட்டைக்கு நான் பொறுப்பில்லை."

"ஃபேன் கரண்ட் ஏறுதும்மா. தலைமை ஆபீஸ்ல கேக்கறாங்க."

"சார், கம்ப்ரஸர் கரண்ட் அதைவிட இறங்கியிருக்கு" என்றார் பின்னாலிருந்து புகைக்காரர்.

"அது வேற டிபார்ட்மென்ட்."

"கம்பெனி ஒண்ணுதானே சார்?" என்றாள் அவள், அடுத்த விரிப்பின் முனையை அவரிடம் நீட்டி.

அப்போது துணிகளுக்கு நடுவிலிருந்து மச்சான் தலையை நீட்டினார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"சார், பழையபடி வைக்கப் போறீங்களா? தாராளமா வைங்க. என் அட்டையெல்லாம் அப்படியே இருக்கு. 'நாங்கள் காற்றை நேசிக்கிறோம்'னு போட்டிருக்கீங்களே, அந்தப் பலகைக்குக் கீழேயே நிக்கிறோம். போட்டோ எடுக்க வசதியா இருக்கும்."

ஜி.எம். கையில் இருந்த விரிப்பைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. புகைபோக்கியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து முதல்முறையாகக் கணினி இல்லாமல் அதைப் பார்த்தார். இலைகள் நன்றாக வரையப்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரிப்பை ஒழுங்காக மடித்து, அடுக்கின் மேல் வைத்தார்.

"சரி. ரெண்டு கோட்டையும் கூட்டிப் போட்டு அனுப்பறேன்" என்றார். படியிறங்கப் போனவர் நின்றார். வெறுங்கையோடு போகவும் மனமில்லை. "ஆனா விருது, கரண்ட் குறைஞ்சதுக்காகக் குடுத்தது. இப்போ குறையலை. செடியைத் திருப்பிக் குடுத்துடுங்க."

புகைக்காரர் முகம் தொங்கிப்போனது. மனைவி மாடிச் சுவர் ஓரமிருந்த தொட்டியைத் தூக்கி, ஜி.எம். கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க சார். ரெண்டு இலை புதுசா விட்டிருக்கு. அதையும் சேர்த்தே எடுத்துக்கோங்க."

ஜி.எம். தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் காருக்குப் போவதைத் தையல்காரர் வாயில் ஊசியோடு பார்த்தார். "யாருப்பா அது?" என்று மச்சானிடம் கேட்டார். "பசுமை ஊழியர்" என்றார் மச்சான்.

லாட்ஜ் துணி இன்றும் அந்த மாடியில்தான் காய்கிறது. தெருவில் அவர் பெயர் இன்னும் புகைக்காரர்தான். புகை போனாலும் பெயர் போவதாக இல்லை. தகர அறைக்குள் பைகள் அழுக்காகத் தொங்குகின்றன. அவர் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடிப்பதில்லை, பார்த்தால் தாங்காது. வேலை நேரத்தில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அது அவருக்கு ஆலையிலேயே மிகக் கடினமான வேலையாக இருக்கிறது. எப்போதாவது பொறுக்க முடியாமல் போனால் எழுந்து பெட்டிக்குப் போவார். பொத்தான்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். அதனால் பூட்டை மட்டும் துடைப்பார். அந்த ஆலையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் ஒரே பொருள் அதுதான்.